புதுச் சட்டையும் குளிர்ந்த புல்லாங்குழலும்

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் நேராகப் பயிற்சிக்கு வருகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் கேசவன் எழுதுவது. பெருமாள் உங்கள் எல்லாருக்கும் நல்ல மூச்சைக் கொடுக்கட்டும்.

நீங்கள் கேட்டதால்தான் எழுதுகிறேன். "அண்ணே, இப்பத்தான் ரெக்கார்டிங்குக்கெல்லாம் எங்களக் கூப்ட ஆரம்பிச்சிருக்காங்க. போற எடத்துல எப்படி நடந்துக்கணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றீர்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பாட்டுக்கு நோட்ஸ் எழுதுவேன், மளிகைச் சீட்டு எழுதுவேன், அவ்வளவுதான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி ஊதுவது என்று இதில் எழுதப் போவதில்லை. அது எழுதினால் வராது. சாக்ஸபோனும் புல்லாங்குழலுமாகச் சென்னையில் ஒவ்வொரு ரெக்கார்டிங் தியேட்டராகப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்திருக்கிறேன். எத்தனையோ பாட்டு, எத்தனையோ கேசட். அட்டையில் என் பேர் வந்தது ரொம்பக் குறைவு. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மனசில் வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் வேலையில் இருந்த ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது ஒவ்வொருத்தராக வந்து தனித்தனியாக வாசித்துவிட்டுப் போகிறீர்கள். அப்போது அப்படி இல்லை. முப்பது நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து, பாடுகிறவரும் கூடவே பாட, ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். நடுவில் ஒருத்தர் தப்பினாலும் மொத்தப் பேரும் மறுபடி முதலிலிருந்து. அப்படித் தப்பு வந்து பாட்டு நின்றதும், யார் தப்பினாரோ அவரே கையைத் தூக்கிவிடுவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். மாஸ்டர், அதாவது மியூசிக் டைரக்டர், "சரி, மறுபடி" என்பார். முடிந்தது. டீ குடிக்கிறபோது கூட அதைப் பற்றிப் பேசக் கூடாது. அதுவும் வழக்கம்தான்.

நான் முதன்முதலில் கை தூக்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயசு. சாக்ஸபோனுக்கு நோட்ஸில் இருப்பதை வேறு கட்டைக்கு மனசுக்குள்ளேயே மாற்றி வாசிக்க வேண்டும். நான் பயத்தில் மாற்றாமல் அப்படியே ஊதிவிட்டேன். கல்யாண வீட்டில் யாரோ அழுகிற மாதிரி ஆகிவிட்டது. கையைத் தூக்கினேன். மாஸ்டர் "சரி, மறுபடி" என்றார். நாற்பது பேரும் மறுபடி வாத்தியத்தை எடுத்தார்கள். அவ்வளவுதான். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

அந்த வயசில் சுலபமாக வந்தது, பேர் வாங்கின பிறகு வரவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது.

1991. மாசி மாசமே வெயில் ஆரம்பித்துவிட்டது. பெருமாள் பேரில் எட்டுப் பாட்டு, கேசட்டாக வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெருமாள் பாட்டில் சாக்ஸபோன் எதற்கு என்று கேட்காதீர்கள். நாதஸ்வரத்தின் சத்தத்தை அந்தத் தியேட்டர் மைக் தாங்காது. அதனால் மாஸ்டர் அந்த இடத்தில் என்னை சாக்ஸபோனில் ஊதச் சொல்வார். பெருமாள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

என்னோடு தேவராஜன் என்று ஒருத்தர் வயலின் வாசிக்க வந்தார். என்னைவிட ஐந்தாறு வயசு சின்னவர். நான் சுங்குவார்சத்திரம், அவர் ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே ஏரிக்கரை ஓரம். ஒரே பஸ் தடம் என்பதால் வருஷக்கணக்காகச் சேர்ந்து போய் வந்த பழக்கம். கொஞ்சம் நிலம் உண்டு அவருக்கு. ஏழு மாசம் முன்னால் பம்ப்செட் பெல்ட்டில் மாட்டி இடது கையில் மோதிர விரல் நசுங்கிவிட்டது. வயலினுக்கு இடது கை விரல்தானே எல்லாம். எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல் லேசாகக் கோணலாகவே நின்றுவிட்டது, நுனியும் மரத்துப்போய்விட்டது. கட்டுப் பிரித்ததிலிருந்து வீட்டில் உட்கார்ந்து சாதகம் பண்ணி, அன்றைக்குத்தான் மறுபடி முதல் கால்ஷீட். "வாசிப்பாரான்னு பாப்போம். சரியா வர்லன்னா அப்பறம் நான் கூப்ட முடியாது" என்று ஆட்களைக் கூப்பிடுகிற மேனேஜர் என்னிடமே சொல்லியிருந்தார். தேவராஜனுக்கும் அது தெரியும்.

பஸ்ஸில் போகும்போது விரலை நீவிக்கொண்டே வந்தார். "பெருமாள் பாட்டுலதான் திரும்ப ஆரம்பிக்கிறேன். அவரு பாத்துக்குவாரு இல்லண்ணே" என்றார். நானும் பாத்துக்குவார் என்றேன்.

அன்றைக்கு நான் ஒரு புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கேசட் அட்டைக்கு வாசிக்கிறவர்களை எல்லாம் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக நான் குழலைச் சட்டைக்குள் அக்குள் ஓரமாகச் செருகி வைத்துக்கொள்வேன். ஏசியில் குழல் குளிர்ந்துவிட்டால் சுருதி கீழே இறங்கிவிடும். உடம்புச் சூட்டில் இருந்தால் எடுத்த உடனே சரியாகப் பேசும். ஆனால் குழலுக்கு எண்ணெய் தடவி வைத்திருப்போம். என் சட்டை எல்லாவற்றிலும் இடது பக்கம் எண்ணெய்க் கறை இருக்கும். புதுச் சட்டையில் கறை பட்டால் போட்டோவில் அசிங்கமாக இருக்குமே என்று, அன்றைக்குக் குழலை ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டேன். அதற்கு நேர் மேலே ஏசியின் வாய்.

தனியாக வாசிக்கிறவர்களுக்குக் கண்ணாடி ரூம் ஒன்று உண்டு. அதில் நானும் தேவராஜனும் மட்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே மைக். மூன்றாவது பாட்டில் எனக்கு எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, சாக்ஸபோன், பிறகு நாலு பார் சும்மா, அதற்கப்புறம் குழலும் வயலினும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்க வேண்டும். முதல் நோட்டே நீளமான நோட்டு. தேவராஜனுக்கு அது அந்த அடிபட்ட விரலில் வருகிற நோட்டு.

மூன்று டேக் வேறு வேறு காரணத்தால் நின்றுபோனது. மணி பன்னிரண்டரை. பாடுகிறவருக்கு ஒரு மணிக்கு வேறு தியேட்டருக்குப் போக வேண்டும். நாலாவது டேக் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. சாக்ஸபோனை ஊதி முடித்து, கீழே வைத்து, குழலை எடுத்தேன். கையில் பட்டதுமே சில்லென்று இருந்தது. ஒரு மூச்சு ஊதிச் சூடு பண்ணியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாக்ஸபோன் மாட்டுகிற கழுத்துப் பட்டை சட்டைக் காலரைக் கசக்கியிருந்தது, அதைச் சரி பண்ணிக்கொண்டேன். நோட்டு வந்துவிட்டது. ஊதினேன்.

கீழே இறங்கியிருந்தது. ஒரு மயிரிழைதான். உதட்டைத் திருப்பி மேலே ஏற்றிவிட்டேன், அதற்குள் வயலினும் குழலும் சுருதி ஒட்டாமல் உரசி 'வுங் வுங்' என்று அலையடித்தது ஹெட்ஃபோனில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பாட்டு நின்றது.

மாஸ்டர் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "கண்ணாடி ரூம்ல யாரோ கொஞ்சம் கீழ. யாரு?"

எனக்குத் தெரியும். ஊதுகிறவனுக்கு உதட்டிலேயே தெரிந்துவிடும். கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்குவதற்குள் ஒரு நினைப்பு ஓடியது. இருபது வருஷமாகக் கேசவன் சுருதி தப்ப மாட்டான் என்ற பேர். மணியோ பன்னிரண்டரை. என்னால் எல்லாரும் மறுபடி. இப்படி இரண்டு விநாடி போயிருக்கும்.

பக்கத்தில் தேவராஜன் கையைத் தூக்கினார். அந்தக் கோணல் விரல் இருக்கிற கையையே தூக்கினார். "என் விரல் மாஸ்டர். மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் கண்ணாடி வழியாக அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பரவால்ல தேவராஜன். அந்த வரியை ஃப்ளூட் மட்டும் வாசிக்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அடுத்த டேக்குக்கு முன்னால் குழலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். தப்பு யாருடையது என்று தெரியாதவன் துண்டில் சுற்றுவானா? அந்த டேக் ஓகே ஆனது. எல்லாரும் கை தட்டினார்கள். சாயங்கால வேலைக்கு வேறு வயலின்காரரைச் சொல்லிக்கொள்வதாக மேனேஜர் தேவராஜனிடம் சொன்னதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கேட்கவில்லை, ஆனால் புரிந்தது. போட்டோ எடுக்கும்போது அவர் இல்லை. வராந்தாவில் வயலினுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

எனக்கும் அதற்கு மேல் வேலை இல்லை. இரண்டு பேரும் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தோம். பூந்தமல்லி தாண்டியது. தேவராஜன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேனேஜரண்ட சொல்ட்டேண்ணே. இனிமே கூப்டாதீங்கன்னு."

"இன்னா அவசரம் தேவராஜா?"

"அவசரம் இல்லண்ணே. ஏழு மாசமா இதான் நெனச்சுகினு இருந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனில என் மச்சான் இருக்கான். ஸ்டோர்ஸ்ல ஆள் எடுக்கறாங்க. திங்கக்கெழம வரச் சொல்லிகீறான். நான்தான் நாள் கடத்தினேன்."

"வயலின்?"

"பஜனை மடத்துல குடுத்துடலாம்னு பாக்கறேன். வூட்ல இருந்தா கை சும்மா இருக்காது." கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த நோட்ட எவ்ளோ சுத்தமா எடுத்தீங்க. நான்தான் அதக் கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே."

தம்பிகளா, என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. அப்போதும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, கீழே நின்று எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். என் மனைவி ஆண்டாள் அதைத் தோய்க்க எடுத்தவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது அதிசயமா கீது. ஒரு கறை கூட இல்ல. குழல எங்க வெச்சீங்க?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் நான், "காலைல மொதல் வேலையா கோயிலுக்குப் போயி பெருமாள்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"பெருமாளுக்குத்தான் தெரியுமே. அவரு அங்கதான இருந்தாரு. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க" என்றாள். சட்டையை வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சோறு போட்டாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, உடையவர் சந்நிதியில் போய் நின்றேன். தனக்கு நரகமே வந்தாலும் வரட்டும், ஊர் ஜனம் பிழைக்கட்டும் என்று கோபுரத்தின் மேல் ஏறி நின்று குரு ரகசியமாகக் கொடுத்த மந்திரத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னவர் அவர். நான் ஒரு கண்ணாடி ரூமுக்குள் கையைத் தூக்க மாட்டாமல் இருந்தவன். ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு நேராகச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மாஸ்டர் தியேட்டரில் அந்தப் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கெட்டுப்போன டேக் டேப்பில் இருக்கிறதா என்று சவுண்ட் இன்ஜினியரைக் கேட்டேன். "அது மேலயே அடுத்ததப் பதிஞ்சாச்சு சார். இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே மைக்கு, பிரிச்சுக் கேக்க முடியாது" என்றார். ஆக, சாட்சி என்று ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

சொன்னேன். சட்டை, எண்ணெய், ஏசி, காலர், எல்லாம் சொன்னேன். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நேத்து சொல்லியிருந்தா நாலு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், கேசவன்."

"ஆமா மாஸ்டர்."

"உங்க மேல மட்டும் சொல்லக் கூடாது. குளிர்ல குழல்தான் எறங்கும், விரல் எறங்காது. இது எனக்குத் தெரியாதா? அவரு கைய தூக்கினதும் அந்த விரலப் பாத்துட்டேன். காதால கேக்க வேண்டியத கண்ணால கேட்டுட்டேன்." இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "அந்த ஒரு வரிய திரும்ப எடுக்கலாம்ல?" கண்ணாடி ரூம் மைக் தனி டிராக்கில் இருப்பதால் அதை மட்டும் எடுக்கலாம் என்றார் அவர். "அப்ப ஞாயித்துக்கெழம காலைல ஒம்பது மணி. ரெண்டு பேரும் வாங்க. அவருதான் கூப்டாதீங்கன்னு சொல்லிட்டாராமே. நீங்க போயி கூட்டிகிட்டு வாங்க. அது உங்க வேலை."

பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. மீதியும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

தேவராஜன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நல்ல உச்சி வெயில். வயலின் பெட்டி ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி மூலையில் இருந்தது. அவர் மனைவி செங்கமலம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமலே சொன்னேன். "தேவராஜா, நேத்து கீழ எறங்கினது உன் வயலின் இல்ல. என் குழல்."

அவர் சிரித்தார். "மொதல்ல மோரக் குடிங்கண்ணே."

"மெய்யாலுமே சொல்றேன். மாஸ்டர்கிட்டயும் போயி சொல்லிட்டுத்தான் வரேன்."

சிரிப்பு நின்றுபோய்க் கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இன்னாத்துக்குண்ணே? எனக்கோசரம் உங்க பேரக் கெடுத்துக்கினீங்களே."

நம்பவில்லை. நான் அவர் மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்வதாக நினைக்கிறார். தப்பு பண்ணினவனைத் தியாகி ஆக்கிவிட்டார். பெருமாள் மேல் சத்தியம் என்று கையை நீட்டினேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி மேல பொய்ச் சத்தியம் வாணாண்ணே. எனக்கோசரம் வாணாம். என் வெரலு மரத்துப் போயி கீது. கம்பில எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியல. எனக்குத் தெரியாததா?"

யோசித்தேன். பேசிப் பிரயோஜனம் இல்லை. அவர் சைக்கிளையே எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சோடாக் கடையில் மரத்தூள் ஒட்டின ஐஸ் கட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றி வாங்கி, கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். செங்கமலத்திடம் ஒரு சட்டியும் ஒரு பிளாஸ்டிக் பையும் கேட்டேன். குழலைப் பைக்குள் போட்டு ஐஸ் மேல் படுக்க வைத்தேன்.

"இன்னாண்ணா இது, மீன் கடை மாரி?" என்றாள் அவள்.

"நாளைக்குச் சந்தைல விக்கப் போறாராம். நல்ல வெல போவும்" என்றார் தேவராஜன்.

"மூட்டையப் பிரி, தேவராஜா" என்றேன்.

"அத இன்னாத்துக்கு."

"பிரி. ஒரே ஒரு நோட்டு. அப்பறம் நீ ஸ்டோர்ஸுக்குப் போ, எங்க வேணா போ. நான் வாயே தொறக்க மாட்டேன்."

வேண்டா வெறுப்பாகப் பிரித்தார். சுருதி சேர்த்தார். முதலில் என் தோள்பையில் இருந்த இன்னொரு குழலை, அதே கட்டைக் குழல், வெயிலில் வந்ததால் சூடாக இருந்தது, அதை எடுத்தேன். அந்த நீளமான நோட்டைச் சேர்ந்து வாசித்தோம். ஒரே நூலாக நின்றது. அவர் முகத்தில் மாற்றமே இல்லை. இது ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்பார்.

பிறகு ஐஸ் மேல் இருந்ததை எடுத்தேன். உதட்டில் வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர்ச்சி. "வெரல எடுக்காத. வில்ல மட்டும் இழுத்துகினே இரு" என்றேன். ஊதினேன்.

அலையடித்தது. நேற்றைவிட அதிகமாகவே அடித்தது. தேவராஜன் வில் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னொரு வாட்டி" என்றார். குரல் மாறியிருந்தது.

மறுபடி ஐஸில் வைத்து எடுத்து ஊதினேன். இந்தத் தடவை உதட்டைத் திருப்பவில்லை, ஒன்றும் பண்ணவில்லை, சும்மா ஊதிக்கொண்டே இருந்தேன். மூச்சுச் சூட்டில் குழல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற ஆரம்பித்தது. வேகமாக அடித்த அலை மெதுவானது. இன்னும் மெதுவானது. கடைசியில் அடங்கி, இரண்டும் ஒன்றாகிவிட்டது. அவ்வளவு நேரமும் அவர் விரல் வைத்த இடத்திலேயே இருந்தது.

செங்கமலத்துக்குச் சங்கீதம் தெரியாது. அவள் அந்த விரலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க வெரலு ஆடவே இல்லீங்க" என்றாள்.

தேவராஜன் வயலினை மடியில் இறக்கினார். இடது கையை விரித்து, ஏதோ வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்தார். நான் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். தலை நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம்.

"அப்ப நேத்து ஏன் வாயத் தொறக்கல?"

நான் ஐஸ் சட்டியை ஓரமாகத் தள்ளினேன்.

"பஸ்ல பக்கத்துலயே ஒக்காந்துகினு வந்தீங்க. நான் பஜனை மடத்துல குடுக்கறேன்னு சொல்றேன், கேட்டுகினே வரீங்க. நீங்க சுத்தமா எடுத்தீங்கன்னு சொல்றேன், அதயும் கேட்டுகினே வரீங்க."

"தப்புதாம்ப்பா."

"ராத்திரி பூரா இந்த வெரல வெட்டிப் போட்டுடலாமான்னு இருந்துச்சு."

செங்கமலம் "விடுங்க, அதான் வந்து சொல்லிட்டாரு இல்ல" என்றாள். அவர் விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி, அந்த வரியை மறுபடி எடுக்கிறார்கள், மாஸ்டர் உன்னைத்தான் கேட்டார், நான் ஆறு மணி பஸ்ஸில் வருவேன் என்று மட்டும் சொன்னேன். "நீங்க கெளம்புங்கண்ணே" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. செங்கமலம் வாசல் வரைக்கும் வந்து குழலைத் துடைத்துக் கொடுத்தாள்.

பிள்ளைகளே, நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கதை முடிந்த பிறகு புத்தி சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், டீ குடிக்கப் போய்விடுவீர்கள். தப்பு எல்லாருக்கும் வரும். ஏசி, சாக்ஸபோன் ரீடு, மூச்சு, தூக்கம், எது வேண்டுமானாலும் காலை வாரும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தப்பு வந்த அந்த இரண்டு விநாடியில் கையைத் தூக்கிவிடுங்கள். இரண்டு விநாடி தாண்டினால் பக்கத்தில் இருக்கிறவர் தூக்கிவிடுவார். எப்போதும் நம்மைவிட பலவீனமாக இருக்கிறவர்தான், தன் மேலேயே சந்தேகம் இருக்கிறவர்தான் முதலில் தூக்குவார். உங்கள் கம்பெனி லைனில் பீஸ் ரிஜெக்ட் ஆனாலும் இதே கதைதான் என்று உங்களில் ஒரு தம்பி என்னிடம் சொன்னார், புதுசாக வந்த டிரெய்னி தலையில்தான் விழுமாம். எனக்குக் கம்பெனி தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். இன்னொன்று. பிற்பாடு போய் உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சொன்னாலும் நம்ப வைக்க வேண்டும். நம்பினாலும் கோபத்தைத் தாங்க வேண்டும். அப்படியும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆண்டாள் இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள். "வருவாரு" என்றாள். "வர்லன்னா?" என்றேன். "வர்லன்னா அடுத்த வெள்ளிக்கெழமயும் போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் சுங்குவார்சத்திரத்தில் ஏறினேன். பழைய சட்டை, குழல் உள்ளே. அன்றைக்கு முகூர்த்த நாள், பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் வருகிற வரைக்கும் ஸ்லோகம் சொல்லிக்கொண்டே வந்தேன், நடுவில் வரி மறந்து மறந்து போனது. ஸ்டாண்டில் பஸ் நின்றதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பூக்கூடைக்காரர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், தாம்பாளம், குழந்தை. தேவராஜன் இல்லை. எல்லாரும் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்துவிட்டது.

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். மாஸ்டரிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் யாரோ "உள்ள போங்க, உள்ள போங்க" என்று நெருக்கிக்கொண்டு வந்தார்கள். நிற்கிறவர்களுக்கு நடுவில் ஒரு கை நீண்டது. கோணல் விரல். கையில் வயலின் பெட்டி. கூட்டத்தில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புடிங்கண்ணே. இடிச்சுடப் போறாங்க."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பூந்தமல்லியில் என் பக்கத்து இடம் காலியானது. அவர் உட்காரவில்லை, ஒரு வயசானவரை உட்கார வைத்தார். பெட்டியைத் திரும்பக் கேட்கவும் இல்லை. தியேட்டர் இருக்கிற வடபழனி வரைக்கும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு போனேன்.